டோரீனுக்கு இரண்டாம் ஷிப்ட்

1

ஓசூரிலிருந்து சித்தப்பாவின் கடிதம் வந்தது. தளி போகும் சாலையில், அவருடைய ரோஜாத் தோட்டத்தை ஒட்டி, பெங்களூர்க்காரர் ஒருவர் நிலம் வாங்கி வேலி போட்டிருக்கிறாராம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தனித்தனி வீடுகளில் வாழும் குடியிருப்பு ஒன்று அங்கே வரப் போகிறதாம்.

"குளுகுளுன்னு இருக்கற ஊரு, வயசானவங்களுக்கு நல்லதுங்கறாரு. வயசானவங்களுக்குக் குளிரு எப்படி நல்லதுன்னு எனக்குப் புரியல. நீ அந்த மாதிரி எடத்துலதான் வேலை செய்யற. அங்க என்னென்ன வசதி குடுக்கறாங்கன்னு வெவரமா எழுது. இவரும் குடுக்கறாரா, இல்ல வாசல்ல இரும்பு கேட்டு மட்டும் பெருசா வெக்கறாரான்னு நான் பாத்துக்கறேன்."

உடனே உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினேன். பட்டியல் எழுதுவது எனக்குக் கைவந்த வேலை. முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தபோது, மிக்ஸி வாங்கினால் கூட வரும் சாமான் விவரம் போல இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் சித்தப்பாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால்தான் இந்த நீளமான எழுத்து.

நான் கிருஷ்ணகிரியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். ஓசூர் தொழிற்பேட்டையில் மின்சார மீட்டர் செய்யும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தேன். கல்யாணமாகி அடிலெய்டுக்கு வந்து, இங்கே ஓய்வு கிராமம் என்று சொல்லப்படும் ஓர் இடத்தில் அவசர மணிகளைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தேன். வேலை கிடைத்ததை வீட்டுக்கு எழுதியபோது அம்மாவிடமிருந்து வந்த பதில் இது: "கிராமத்துல கெடக்க வேணாம்னுதானே உன்ன டிப்ளமா படிக்க வெச்சோம். ஏரோப்ளேன் ஏறிப் போயி மறுபடியும் கிராமமா? அங்க என்னா பயிர் போடறாங்க?"

2

பயிர் இல்லை. எழுபது சொச்சம் சிறு வீடுகள், நடுவில் ஒரு பொதுக்கூடம், ஒரு ஓரத்தில் தாதிகள் இருக்கும் கட்டடம். வீட்டில் தனியாக இருக்க முடிகிறவரை வீட்டில். முடியாதபோது அந்தக் கட்டடத்தில் ஓர் அறை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் புல்வெளியை நடந்து கடக்க இரண்டு நிமிடம் ஆகும். அதைக் கடக்காமல் இருப்பதற்காகத்தான் இங்கே எல்லாரும் எல்லாமும் செய்கிறார்கள்.

சித்தப்பா கேட்ட வசதிகளுக்கு வருகிறேன்.

கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான். விழுந்தால் அழுத்த வேண்டும். அலுவலகப் பலகையில் விளக்கு எரியும். அந்தப் பலகை என் பொறுப்பு. பெரும்பாலானோர் பொத்தானைக் கழுத்தில் மாட்டாமல் கட்டிலருகே வைத்துவிட்டு, வேறெங்காவது போய் விழுவார்கள்.

மதியச் சாப்பாடு தட்டோடு வீட்டுக்கே வரும். செவ்வாய்க்கிழமை கடைக்குப் போக ஒரு பஸ். பல்பு மாற்ற ஆள் உண்டு. குடியிருப்பவர்கள் நாற்காலி மேல் ஏறக் கூடாது. முடி வெட்ட ஒரு பெண் வருவாள். புத்தகம் ஒரு தள்ளுவண்டியில் வரும். ஊரிலிருந்து பிள்ளைகள் வந்தால் தங்க விருந்தினர் அறை உண்டு, அது எப்போதும் காலியாக இருக்கும். கால் நகம் வெட்ட மாதம் ஒரு முறை படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் பெட்டியோடு வருவார்.

இந்தக் கடைசி வசதியை, இங்கே வந்து தங்கியிருந்த அப்பாவால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"நகம் வெட்டறதுக்கா படிச்சாரு?"

"பாதம் சம்பந்தமா எல்லாம் படிக்கணும்ப்பா. மூணு வருஷம்."

"ஒரு காலுக்கு ஒன்னரை வருஷம்" என்றார் அப்பா.

அப்பாவின் பெயர் கிருஷ்ணப்பன். ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தை அண்ணனுக்கு விட்டுவிட்டு, ஓசூரில் தொழிற்சாலைகள் வந்த காலத்தில் அந்த மீட்டர் கம்பெனியில் ஆள் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீசில் சேர்ந்தவர். கேட்டுக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் கம்பி ஜன்னல், ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவர்க் கடிகாரம் போன்ற பஞ்சிங் மெஷின், ஜன்னலுக்குப் பின்னால் அப்பா. தன் அட்டையைத் தானே மெஷினில் போட்டு அடிக்க வேண்டும். ஒருவன் அட்டையை இன்னொருவன் அடித்தால் அதற்கு ப்ராக்ஸி என்று பெயர். கல்யாணத்துக்குப் போன நண்பனுக்காக அடிப்பார்கள், பாகலூர் சந்தைக்கு மாடு விற்கப் போன மச்சானுக்காக அடிப்பார்கள். அப்பா எல்லாரையும் பிடிப்பார். தமிழில் பிடித்து, தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் சமாதானம் சொல்லி, இங்கிலீஷில் மெமோ கொடுப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு நாள் தாமதமாகப் போனேன். அப்பாவுக்கு டிபன் கட்டிக் கொடுத்து அவரைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் அடுத்த பஸ்ஸில் போனதுதான் காரணம். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து என்னை ஏறிட்டும் பார்க்காமல் அரை நாள் விடுப்பு எழுதினார். மதியம் அந்த டிபனைச் சாப்பிட்டுவிட்டு, புளியோதரையில் உப்பு கம்மி என்று சொல்லி அனுப்பினார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, மூன்று மாதம் இங்கே வந்து தங்கினார். அம்மா வரவில்லை. மாட்டை யார் பார்ப்பது என்பது காரணம். விமான நிலையத்திலேயே அப்பாவுக்கும் இந்த நாட்டுக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டுவிட்டது. பெட்டியைத் திறந்த அதிகாரி, அம்மா கட்டிக் கொடுத்த அவரை விதைகளைப் பையோடு எடுத்துக் குப்பையில் போட்டார். விதை நாட்டுக்குள் வரக் கூடாது. "எங்கிட்ட கையெழுத்து வாங்கல, ரசீது குடுக்கல" என்று அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டில் என் மகள் நித்யாவுக்கு ஐந்து வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். அப்பா அதற்கு வருந்தவில்லை. அவள் இங்கிலீஷில் கேட்டால் இவர் கன்னடத்தில் பதில் சொன்னார். இரண்டு வாரத்தில் அவள் சோற்றுத் தட்டைத் தள்ளி "சாக்கு, சாக்கு" என்றாள், போதும் என்று அர்த்தம். "பாத்தியா, தமிழ் வரலன்னா என்னா, கன்னடம் வந்துருச்சு" என்றார் அப்பா, பாதி ஊர் வந்து சேர்ந்துவிட்டது போல.

3

பகலில் என் கணவர் வேலைக்கும் நித்யா பள்ளிக்கும் போய்விடுவார்கள். அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் காலையில் காரில் என்னோடு அழைத்துப் போவேன். மேலாளர் பீட்டர், என்னைவிடச் சற்று மூத்தவர், வரைபடங்களில் பிரியமுள்ளவர். "தாராளமாக வரட்டும், தோட்டத்தில் உதவட்டும்" என்றார். நான் அலுவலகத்தில் பலகையைச் சோதிக்கும் நேரத்தில், அப்பா குல்லாயும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு வீடுகளுக்கு நடுவே நடப்பார். எல்லாரும் அவரை கிரிஸ் என்று கூப்பிட்டார்கள்.

"அங்க கிருஷ்ணப்பன் சார். இங்க வெறும் கிரிஸ். ரிட்டயர் ஆனா பேரையும் பாதி புடிச்சுக்கறாங்க" என்றார்.

இனி முக்கியமான வசதி. இதைப் பட்டியலில் நான் ஒரே வரியில் எழுதியிருந்தேன்: காலை நலம் அறிதல்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மஞ்சள் அட்டை. இரவு படுக்கப் போகும்போது வாசல் கதவின் குமிழில் மாட்ட வேண்டும். காலையில் எழுந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஒன்பது மணிக்கு நான் சுற்றி வருவேன். அட்டை இல்லாவிட்டால் ஆள் நலம். தொங்கினால் கதவைத் தட்டி, பதில் இல்லாவிட்டால் என்னிடமுள்ள பொதுச் சாவியால் திறந்து பார்க்க வேண்டும். ஒரே மாதத்தில் மூன்று முறை எடுக்கத் தவறினால், தனியாக வாழ முடிகிறதா என்று ஒரு தாதி வந்து மதிப்பிடுவார். மதிப்பீடு சரியில்லாவிட்டால் புல்வெளியைக் கடக்க வேண்டியதுதான்.

அந்த மாதம் டோரீன் இரண்டு முறை தவறியிருந்தாள்.

டோரீனுக்கு எண்பது தாண்டிவிட்டது. உயரமானவள், ஒடிசல், குரல் மட்டும் கனம். கடைசி வரிசையில் கடைசி வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி வைத்துக்கொள்ள அனுமதி வாங்கி, அகல அவரை என்று இங்கே சொல்லும் ஒரு செடியை வரிசையாகப் போட்டிருந்தாள். குளிர்காலத்தில் வளர்வது, ஆள் மார்பு உயரம் வரும். தாதிகள் கட்டடத்து அறைகளில் ஜன்னல் ஒரு சாணுக்கு மேல் திறக்காது, பூந்தொட்டிகூட அனுமதி இல்லை. "அங்க போனா நான் ஒரு வாரத்துல செத்துடுவேன். அவங்க அதுக்கும் ஒரு வசதி வெச்சிருப்பாங்க" என்று அவள் என்னிடம் சொன்னாள்.

காலையில் எழ முடியாததற்குக் காரணம் நோய் இல்லை, கிரிக்கெட். இந்த நாட்டு அணி இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்தது. அங்கே பகல் என்றால் இங்கே நடு இரவு. கணவர் இருந்த காலத்திலிருந்து இருவரும் ரேடியோவில் கேட்பது வழக்கம். அவர் போன பிறகு அவருக்கும் சேர்த்து இவள் கேட்டாள். பின்னிரவு மூன்றுக்கு மேல் படுத்தால் ஒன்பதுக்கு எப்படி எழுவது?

அப்பாவை அவளோடு சேர்த்தது அவரைச் செடி. முதல் நாளே பாத்திக்குள் இறங்கி ஒரு காயைப் பிதுக்கிப் பார்த்து, "அவரைன்னு சொல்றாங்க, மொச்ச மாதிரி இருக்குது, வாசன எதுவும் இல்ல" என்று தமிழிலேயே அவளிடம் குறை சொன்னார். அவள் இங்கிலீஷில் அவரைப் பாத்தியிலிருந்து வெளியே போகச் சொன்னாள். பிறகு இருவரும் டீ குடித்தார்கள்.

அப்போதுதான் தெரிந்தது, டோரீன் இளம் வயதில் பிஸ்கட் தொழிற்சாலையில் இருந்தவள். அங்கேயும் அட்டை அடிக்கும் மெஷின். அப்பா தன் டைம் ஆபீஸ் இங்கிலீஷில் கேட்டார்: "எனி ப்ராக்ஸி?"

நான் விளக்கிச் சொன்னேன். டோரீன் சிரித்தாள். "மூணு பேருக்கு நானே அடிப்பேன். ஒருத்தி கர்ப்பம், ஒருத்தி காதல், ஒருத்தி சோம்பேறி."

"யாரும் புடிக்கலையா?"

"ஒரு ஆள் ஜன்னல்ல உக்காந்திருப்பான். அவன் மெஷினத்தான் பாப்பான். எங்கள பாக்க மாட்டான்."

காரில் வரும்போது அப்பா, "ஜன்னல மெஷினவிட்டுத் தள்ளிப் போட்டிருக்கணும்" என்றார்.

4

அடுத்த இரண்டு வாரத்தில் கிராமம் திருந்திவிட்டது. ஒன்பது மணிக்கு நான் சுற்றும்போது ஒரு கதவில்கூட அட்டை இல்லை. பீட்டர் வரைபடம் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். கோடு ஏறி ஏறி நூறைத் தொட்டு நின்றது. தலைமையகத்துக்கும் ஒரு நகல் அனுப்பினார்.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. காரணம், சின்ன வயதிலிருந்து சோறு சாப்பிடும்போதெல்லாம் நான் கேட்ட பேச்சு: தொண்ணூறு வந்தா நல்ல ஷிப்டு, தொண்ணூத்தஞ்சு வந்தா நல்ல சூப்பர்வைசர், நூறு வந்தா ப்ராக்ஸி.

சாயங்காலம் சமையலறையில் கேட்டேன். அப்பா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"காலைல நடக்கறப்ப என்னா பண்றீங்கப்பா?"

"நடக்கறேன்."

"அட்டைய தொடறீங்களா?"

ஒரு பூண்டை முழுசாக உரித்து முடித்தார். "கதவுல கடுதாசி போடற ஓட்ட இருக்குதில்ல, அது வழியா உள்ள தள்ளிடறேன். டோரீனம்மாவுக்கு மட்டுந்தான் கண்ணு."

"மட்டுந்தானா?"

"அவங்க சொல்லி பக்கத்து வீட்டு அம்மா ஒண்ணு கேட்டாங்க. அப்பறம் அந்தத் தாடிக்காரரு. இப்ப ஆறு பேரு."

"இருபது வருஷம் ப்ராக்ஸி புடிச்சவரு நீங்க."

"அதான். எப்படிப் பண்ணா மாட்டமாட்டோம்னு எனக்குத்தான் தெரியும்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, வரிசை எண் போட்டுப் பேசுவேன். ஒன்று, இது என் வேலை. இரண்டு, நான் அந்த அட்டையை நம்பித்தான் கதவைத் திறக்காமல் போகிறேன். மூன்று, உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் அட்டை அவரை நலம் என்று சொல்லும்.

"அதெப்படி கெடப்பாங்க? நான் ஜன்னல் பக்கம் நின்னு கொறட்ட கேட்டுட்டுத்தானே அட்டைய தள்ளறேன். டோரீனம்மா கொறட்ட ராயக்கோட்ட ஸ்டேசன்ல கூட்ஸ் வண்டி நிக்கற மாதிரி இருக்கும். தாடிக்காரரு கொறட்டையில நடுவுல ஒரு கேப்பு வரும். மொத நாள் பயந்துட்டேன்."

"கொறட்ட விடாதவங்க?"

அப்பா யோசித்தார். "ஒரு அம்மா மட்டும் விடறதில்ல. அவங்களுக்கு உத்தேசமாத்தான்."

"நாளையிலருந்து ஒரு அட்டையும் தொடக் கூடாதுங்கப்பா."

"மூணாவது தடவ ஆயிருச்சுன்னா அந்தம்மாவ அந்தப் பக்கம் தள்ளிருவாங்களே."

"அதுக்காக?"

பூண்டுத் தோலைக் கூட்டி எடுத்தார். மறுநாள் காலையில் ஆறு வீட்டுக்கும் போய், இனிமேல் அவரவர் அட்டையை அவரவர் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். "ஸ்ட்ரிக்ட் ஆர்டர்" என்று என்னைக் கைகாட்டினாராம். அன்று முழுவதும் அந்த ஆறு பேரும் என்னைப் பார்த்த பார்வையை நான் டைம் ஆபீஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். அப்போது நான் ஜன்னலுக்கு வெளியே இருந்தேன்.

5

அதற்கடுத்த காலை அப்பா ஓடி வந்தார். அப்பா ஓடி நான் பார்த்ததில்லை. கம்பெனியில் தீ விபத்துப் பயிற்சி நடந்தபோதுகூட அவர் நடந்துதான் வெளியே வந்தார்.

"கொறட்ட இல்ல கண்ணு."

"யாருக்கு?"

"டோரீனம்மாவுக்கு. அட்டை தொங்குது. நான் தொடல."

ஒன்பது ஆக இன்னும் நேரம் இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன். வாசலில் நின்று தட்டினேன். பதில் இல்லை. சாவியைத் திருப்பப் போனபோது அப்பா என் கையைப் பிடித்தார்.

"தொறந்தா எழுதணுமா?"

"எழுதணும்."

"எழுதினா மூணாவது தடவைன்னு ஆயிரும்."

"அப்பா, உள்ள என்னான்னு தெரியாது."

கையை விட்டார். சாவியைத் திருப்பித் திறந்தேன். உள்ளே ரேடியோ அணைந்திருந்தது. கட்டில் காலி. கட்டிலருகே மேசையில் பொத்தான் பத்திரமாக இருந்தது. குளியலறையிலும் ஆள் இல்லை. பின்கதவு திறந்து கிடக்க, வெளியிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. தெளிவான, கனமான குரல். அந்த வார்த்தையைக் கேட்டு அவ்வளவு நிம்மதி அடைவேன் என்று நான் நினைத்ததில்லை.

டோரீன் அவரைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். இரவு உடைமேல் கணவரின் பழைய கோட்டு, ஒரு கால் மடங்கி, முழங்கால்வரை சேறு. எழ முடியவில்லை. பற்றி எழ நினைத்த இரண்டு செடிகள் வேரோடு கையில் இருந்தன.

"எவ்வளவு நேரமா கத்தறேன். ரெண்டு பேரும் வாசல்ல நின்னு கூட்டம் போடறீங்க" என்றாள்.

நடந்தது இதுதான். அப்பா கைவிட்டுவிட்டதால் அவள் அன்றிரவு கிரிக்கெட் கேட்காமல், இரண்டு அலாரம் வைத்துப் படுத்தாள். இரண்டும் சொன்னபடி அடித்தன. இருட்டோடு எழுந்துவிட்டாள். ஒன்பதுக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறதே, அட்டையைப் பிறகு எடுக்கலாம், அதற்குள் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டிவிடலாம் என்று பின்பக்கம் போனாள். தூக்கம் கண்ணைச் சுழற்ற, பனி ஈரத்தில் கால் வழுக்கியது.

"எண்பது வருஷத்துல மொத தடவையா சீக்கிரம் எந்திரிச்சேன். பாத்தீங்களா?" என்றாள்.

அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கினோம். கணுக்கால் சுளுக்கு மட்டும்தான், எலும்பு முறியவில்லை. ஆனால் விழுந்தால் மதிப்பீடு தானாக வந்துவிடும், மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காது. நான் நடந்ததை எழுதினேன். அட்டைகள் பற்றியும் எழுதினேன்.

6

தாதி வந்து டோரீனை ஒரு மணி நேரம் பார்த்தார். ஞாபகம் பிரமாதம், நடை பரவாயில்லை, கை வலு உண்டு, நாட்டின் பிரதமர் பெயரைக் கேட்டதற்குப் பெயரோடு அபிப்பிராயமும் சொன்னாள். குறை ஒன்றுதான்: காலை அழைப்புக்குப் பதில் தருவது நம்பகமாக இல்லை. பாதுகாப்புக் கருதி இடம் மாற்றலாம், முடிவு மேலாளருடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பீட்டர் எங்களைக் கூப்பிட்டார். அவர் நினைத்தது ஐந்து நிமிடப் பேச்சு. அப்பா நினைத்தது விசாரணை. கம்பெனியில் விசாரணை என்றால் அதற்கு முறை உண்டு. பெட்டியின் அடியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார், நெற்றியில் விபூதி வைத்தார், எனக்கு வேலை போய்விடும் என்று இரவெல்லாம் தூங்காத கண்ணோடு வந்து, நாற்காலியில் உட்கார மறுத்து நின்றார். காலில் கட்டோடு டோரீன் ஒரு நாற்காலியில் இருந்தாள்.

"கிரிஸ், உக்காருங்க" என்றார் பீட்டர்.

"ஐ பெக் டு ஸ்டேட்" என்று தொடங்கினார் அப்பா.

அவர் வாழ்நாளில் வாங்கிப் படித்த விளக்கக் கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். இத்தனை வருடம் மேசையின் அந்தப் பக்கம் இருந்தவர், இப்போது இந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வாக்கியமாகத் தானே சொன்னார். ஆறு அட்டைகளைத் தொட்டது தான்தான் என்றார். தன் மகளுக்கு எதுவும் தெரியாது என்றார். தன் நன்னடத்தைக்கு ஓசூரில் சாட்சி உண்டு என்றார். இதுவே முதல் தவறு என்பதால் கருணையோடு பரிசீலிக்க வேண்டும் என்று முடித்தார். பீட்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அப்படின்னா அந்த நூறு பொய்யா?" என்றார் பீட்டர்.

"நூறுன்னாலே பொய் சார்" என்று அப்பா தமிழில் சொன்னார். நான் சற்று மரியாதையாக மொழிபெயர்த்தேன்.

பீட்டருக்குச் சங்கடம். தலைமையகத்துக்குப் போன வரைபடத்தைத் திரும்ப வாங்க முடியாது. அவர் தாதியின் அறிக்கையை எடுத்து வைத்து, "டோரீன், உங்க நல்லதுக்குத்தான்" என்று தொடங்கினார். டோரீன் முதல் முறையாகக் குரலை இறக்கிப் பேசினாள்.

"பீட்டர், எனக்கு அந்த அறை வேணாம்."

அவ்வளவுதான் சொன்னாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி இருந்தாள். கை, கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தீர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பி வேகமாகச் சொன்னார்: "கண்ணு, சொல்லு அவருகிட்ட. இந்தம்மா செகண்ட் ஷிப்டு ஆளு. ராத்திரியெல்லாம் முழிச்சுருக்கற ஆள காலை ஷிப்டுல தேடுனா ஆப்சென்ட்தான் வரும். செகண்ட் ஷிப்டுக்காரன வலுக்கட்டாயமா காலைல வரச் சொன்னா என்னா ஆவும்? மெஷின்ல கைய உட்டுக்குவான். இவங்க அவரைச் செடியில கால உட்டுக்கிட்டாங்க. அம்புட்டுதான். ஆள மாத்த வேணாம், ஷிப்ட மாத்தச் சொல்லு."

நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் பட்டியல் ஓடத் தொடங்கிவிட்டது. புது வயரிங் எதுவும் வேண்டாம். வேறு நிறத்தில் அட்டை போதும். ஒன்பதுக்கு ஒரு சுற்று, பன்னிரண்டுக்கு ஒரு சுற்று. யாருக்கு எது வசதியோ அதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். பன்னிரண்டுக்காரர்கள் தூங்கும்போதும் பொத்தானைக் கழுத்தில் போட்டிருக்க வேண்டும், கழற்றினால் பலகையில் எனக்குத் தெரியும்படி செய்யலாம். அந்தச் சுற்றை நானே பார்க்கிறேன். யாருடைய அட்டையையும் இன்னொருவர் தொடக் கூடாது.

"இது புதுச் சேவைன்னு எழுதலாமா?" என்று கேட்டார் பீட்டர். வரைபடத்துக்கு ஒரு வழி பிறந்ததை அவர் முகத்தில் பார்த்தேன்.

"எழுதலாம்."

"ஒரு மாதம் பாப்போம். பன்னிரண்டு மணிக்கும் அட்டை தொங்குச்சுன்னா, ஒரு நாள் ஆனாலும், டோரீன், அந்த அறைதான்."

"பன்னிரண்டா? அது நடு ராத்திரி இல்லையே?" என்றாள் டோரீன். குரல் திரும்பியிருந்தது.

7

பழைய கோப்பு உறைகளை வெட்டி நீல அட்டைகள் செய்தேன். அந்த ஆறு பேரில் ஐந்து பேர் நீலம் கேட்டார்கள். குறட்டை விடாத அம்மாள் மட்டும் மஞ்சளே போதும் என்றாள். உண்மையில் அவள் விடிவதற்கு முன்பே எழுந்து குறுக்கெழுத்துப் போடுகிறவளாம், அட்டையை எடுக்கத்தான் மறந்துபோகுமாம்.

முதல் நாள் வந்தது. முந்தின இரவு கிரிக்கெட் ஆட்டம் வெகு நேரம் போனதாக ரேடியோவில் சொன்னார்கள். பதினொன்றுக்கே அப்பா கடைசி வரிசையில் போய் நின்றுவிட்டார். எனக்குப் பலகையில் வேலை இருந்தது, ஆனாலும் போனேன். மற்ற நான்கு நீல அட்டைகளும் ஒவ்வொன்றாக உள்ளே போயிருந்தன. டோரீனின் கதவில் மட்டும் தொங்கியது. காற்றில் மெல்லத் திரும்பி, தன் பின்பக்கத்தைக் காட்டி, மறுபடி திரும்பியது.

"கொறட்ட கேக்குதாப்பா?"

"கேட்டுச்சு. இப்ப நின்னுருச்சு."

"எந்திரிச்சிருப்பாங்க."

"எந்திரிச்சா பாத்திரம் சத்தம் கேக்குமே."

அவர் கை பின்னால் கட்டியிருந்தது. அவிழ்ந்து முன்னால் வந்தது, மறுபடி பின்னால் போனது. அந்த அட்டை அவர் கைக்கு எட்டும் தூரம். எனக்கும் எட்டும் தூரம். பொதுச் சாவி என் பையில் இருந்தது, அதையும் நான் தொடவில்லை. எதிர் நடைபாதையில் பீட்டர் வருவது தெரிந்தது. ஏதோ தற்செயலாக அந்தப் பக்கம் வருகிறவர்போல, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கதவு திறந்தது. டோரீன் தலை வாரி, உதட்டுச் சாயம் பூசி, முத்து மாலை போட்டு, கைத்தடியோடு நின்றாள். மாலைக்கு நடுவே என்னுடைய பொத்தான் தொங்கியது. பாத்திரச் சத்தம் கேட்காததற்குக் காரணம் புரிந்தது. டீ போடாமல் அலங்காரம் செய்துகொண்டிருந்திருக்கிறாள். நிதானமாக அட்டையைக் கழற்றி எடுத்தாள். பீட்டரைப் பார்த்துத் தலையசைத்தாள். எங்கள் இருவரையும் மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"உங்க யாருக்கும் வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பீட்டர் சிரித்துக்கொண்டே அலுவலகம் பக்கம் திரும்பிவிட்டார். நாங்களும் கிளம்பத் திரும்பினோம். அப்போது கதவுக்கு உள்ளே ஓர் உலோகச் சத்தம் கேட்டது. உள் தாழ்ப்பாள். அதைப் போடக் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி, போட்டுவிட்டால் என் பொதுச் சாவி வேலை செய்யாது. போட்டால் நான் எழுத வேண்டும்.

அப்பா நின்று என்னைப் பார்த்தார்.

"கண்ணு, உனக்கு ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

"இல்லீங்கப்பா" என்றேன். "வாங்க, சாப்பிடப் போலாம்."